சொன்னால் விலையைக் குறைப்பார்கள்

போன சம்பா அறுப்புக்கு முன்னால் ஒரு நாள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். அந்தக் கேட்டைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. சரக்கு ரயிலில் நெல் மூட்டை ஏற்றுவார்கள், எஞ்சின் முன்னே போகும், பின்னே வரும், கேட் மட்டும் திறக்காது. பக்கத்தில் டிவிஎஸ் எக்ஸெல்லில் எங்கள் மில்லுக்குப் பதினைந்து வருஷமாக நெல் போடுகிற பெரியப்பா ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சொந்தம் இல்லை, ஊர் முறைக்குப் பெரியப்பா. வண்டியை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்.

"நம்ம வயல்ல மேட்டுக்கட்டு எப்பவும் எட்டு நாள் முந்திப் பழுத்திரும் தம்பி. பள்ளக்கட்டு பச்சையா நிக்கும். மிசின் ஒரே நாள்தான் கிடைக்குது, ரெண்டையும் சேத்து அறுத்துட்டுக் கொண்டாந்து கொட்டிருவேன். தனித்தனியா அறுத்தா உனக்கு நொய்யே விழாது."

"இதை ஏன் பெரியப்பா இத்தனை வருஷமாச் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? பள்ளக்கட்டு நெல்லுக்கு விலையைக் குறைப்ப. மேட்டுக்கட்டு நெல்லுக்குக் கூட்டித் தரவா போற? சொல்லாட்டி ரெண்டும் ஒரே வெலையில போவுது."

கேட் திறந்தது, அவர் கிளம்பிவிட்டார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் நான் வண்டியை எடுத்தேன். ஏனென்றால் அவர் சொன்ன அதே கணக்கை, வார்த்தை மாறாமல், மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் வேறொருவரைப் பற்றி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்களுடையது சின்ன மில். வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது, புழுங்கல் மட்டும்தான். ஒரு பக்கம் உழவர்களிடம் நெல் வாங்குகிறேன், இன்னொரு பக்கம் நகரத்தில் பாக்கெட் அரிசி போடுகிற ஒரு வியாபாரிக்கு லோடு அனுப்புகிறேன். அதாவது காலையில் நான் வாங்குபவன், சாயங்காலம் விற்பவன். காலையில் பேசுகிற நியாயம் சாயங்காலம் எனக்கே பிடிக்காது. இது புரிய எனக்கு நாளாயிற்று, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் டிரையர் நின்ற ராத்திரியைச் சொல்ல வேண்டும்.

புழுங்கலில் நெல்லை வெந்நீரில் ஊறவைத்து, ஆவியில் அவித்து எடுக்கும்போது ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதை 14-க்குக் கொண்டுவந்தால்தான் அரைக்கலாம். உமி அடுப்பின் சூட்டுக்காற்றில் டிரையரில் நெல் மேலே ஏறி இறங்கி ஏறி இறங்கிக் காய்ந்துகொண்டே இருக்கும். எங்கள் வழக்கம், 30-ல் ஏற்றினால் 14 வரை ஒரே மூச்சில் ஓட்டுவது. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு கரண்ட் போனது, ஜெனரேட்டர் பெல்ட்டும் அறுந்தது. நெல் 17-ஐ ஒட்டி இருந்த நேரம். டிரையர் பார்க்கிற அண்ணன் என்னை எழுப்பவில்லை. விடிந்து பெல்ட் வாங்கி வந்து மாட்டி, மிச்ச ஈரத்தை எடுத்து முடிக்கும்போது மதியம் ஆகிவிட்டது. நெல் வாடை அடிக்கும், ஒரு பேட்ச் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அரைத்தால், வழக்கமாக 100 கிலோ அரிசிக்கு ஆறேழு கிலோ நொய் விழுகிற இடத்தில் மூன்று கிலோகூட விழவில்லை.

காரணம் ஒன்றும் மந்திரம் இல்லை. 16, 17 சதவீதத்துக்குக் கீழே அவசரமாகக் காயவைத்தால் அரிசியின் வெளிப்பக்கம் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும், மயிரிழை மாதிரி உள்ளுக்குள் வெடிப்பு விடும். அந்த வெடிப்பு அரவையில் நொய்யாக வந்து விழும். நடுவில் சில மணி நேரம் ஆறப்போட்டால் உள் ஈரம் வெளியே பரவி மணி முழுக்க ஒரே சீராகிவிடும், அப்புறம் மிச்சத்தைக் காயவைக்கலாம். இது புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். 1967-ல் திருவாரூர் மாடர்ன் ரைஸ் மில்லில் நெல் பதன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி இன்றைக்குத் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிற இடத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மில்லில் இருந்து முக்கால் மணி நேரம். நான்தான் போய்க் கேட்டதில்லை.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? அதற்கப்புறம் இரண்டு பேட்சுகளை என்னிடம் சொல்லாமலேயே 17-ல் நிறுத்தி, ஆறவைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். மூன்றாவது தடவைதான் சொன்னார். "லேட்டாச்சுன்னு திட்டுவீங்கன்னுதான்" என்றார். சொந்த மில்லுக்குள்ளேயே இந்தக் கதை.

சரி, நொய் குறைந்தது. ஆறப்போடத் தனியாக ஒரு தொட்டி வேண்டும், கடன் வாங்கி இரும்பில் ஒன்று கட்டினேன். அந்தச் சந்தோஷத்தில் நகரத்து வியாபாரி வந்தபோது எல்லாவற்றையும் காட்டினேன். அவரும் நல்ல மனிதர் மாதிரிதான் நடந்துகொண்டார். சுற்றிப் பார்த்தார், போனில் வீடியோ எடுத்தார், "இதுதான் வேணும் தம்பி, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு உங்ககிட்டதான்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் வாட்ஸாப்பில் இரண்டே வரி. கிலோவுக்கு 75 பைசா குறைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் நொய் மிச்சமாகிறதே. 10 டன் லோடுக்கு 7,500 ரூபாய், என் தொட்டிக்கடன் தவணை அதில்தான் இருந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொரு மில்காரர் கல்யாண வீட்டில் என்னைப் பிடித்து, "உங்க வீடியோவைக் காட்டித்தாங்க எங்களையும் தொட்டி கட்டச் சொன்னாரு" என்றார். பந்தியில் பாயசம் இருந்தது, எனக்கு இறங்கவில்லை.

அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டேன். ஊறல் தண்ணீரின் சூட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்து உமிச் செலவைக் குறைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது. அவர் ஆள் வந்தால் அந்தப் பக்கம் கூட்டிப் போவதில்லை. அவரோ போனவாரம் போனில், "மில்காரங்க யாருமே புதுசா ஒண்ணும் யோசிக்க மாட்டேங்கறீங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

எனக்கு இதில் வேடிக்கை என்னவென்றால், ஊருக்குத் திரும்பி மில்லைப் பார்க்க ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆறு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் இருந்தவன் நான். அந்த வியாபாரி எனக்குச் செய்ததை நான் எத்தனை சின்னப் பட்டறைக்காரர்களுக்குச் செய்திருப்பேன்! வருஷத்துக்கு 3 சதவீதம் விலை குறைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். பட்டறைக்குப் போவோம், பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கிற ஜிக் ஒன்றை அவர் புதிதாகச் செய்து வைத்திருப்பார், ஒரு ஆள் வேலை மிச்சமாகியிருக்கும், நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். அடுத்த பேச்சுவார்த்தையில் அந்த ஆள் கூலியைக் கழித்துக்கொள்வோம். அதற்குப் பாராட்டுச் சான்றிதழ்கூட வாங்கியிருக்கிறேன். அந்தப் பட்டறைக்காரர்களில் விவரமானவர்கள் நாங்கள் வரும் நாளில் ஜிக்கைக் கழற்றி சாக்குப் போட்டு மூடிவிடுவார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தத் தொழிலில் இருந்தபோது பயிற்சி வகுப்புகளில் காதில் விழுந்த கதைகள் இப்போதுதான் உறைக்கின்றன. 1992-ல் ஜெனரல் மோட்டார்ஸில் ஹோஸே இக்னாசியோ லோபஸ் என்பவர் கொள்முதல் தலைவராக வந்து, இருந்த ஒப்பந்தங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாரையும் மறுபடி விலை கேட்டார், பத்து இருபது சதவீதம் என்று குறைக்கச் சொன்னார். பணம் மிச்சமானது உண்மை. ஒரு சப்ளையரின் வரைபடத்தை இன்னொருவரிடம் காட்டி விலை கேட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் அப்போதுதான் எழுந்தது. என் தொட்டி வீடியோ மாதிரி. அடுத்த வருஷமே அவர் ஃபோக்ஸ்வாகனுக்குப் போய்விட்டார்.

அதே டெட்ராய்ட் பக்கத்தில் அதே காலத்தில் இன்னொரு கார் கம்பெனியான கிரைஸ்லர் வேறு வழி பிடித்தது. ஸ்கோர் என்று ஒரு திட்டம். செலவைக் குறைக்க சப்ளையரே யோசனை சொல்லலாம், அது கிரைஸ்லர் பக்கத்துத் தப்பாக இருந்தாலும் சொல்லலாம், மிச்சமாகிற பணத்தில் பாதியை சப்ளையர் வைத்துக்கொள்ளலாம். வேண்டாம், கிரைஸ்லருக்கே கூடுதலாக விட்டுத்தருகிறேன் என்றால் அவருக்கு மதிப்பெண் ஏறும், அடுத்த வேலை கிடைப்பது சுலபமாகும். யோசனைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பாதிப் பங்கைவிட, "தப்பு எங்க பக்கம் இருந்தாலும் சொல்லு" என்பதுதான். என் வியாபாரி சாக்கில் அச்சடிக்கும் நிறத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவதால் எங்களுக்குப் பழைய சாக்கெல்லாம் வீணாகிறது, இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1998-ல் ஜெர்மனியின் டைம்லர் கம்பெனியோடு இணைந்தார்கள், நஷ்டம் வந்தது, 2000-ஆம் வருஷக் கடைசியில் டீட்டர் செட்ஷே புதிதாகத் தலைமைக்கு வந்ததும் ஜனவரி 1 முதல் எல்லா சப்ளையரும் 5 சதவீதம் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பத்து வருஷம் சேர்த்து வைத்த பேச்சு ஒரு அறிவிப்பில் போயிற்று. நஷ்டத்தில் இருப்பவன் வேறு என்ன செய்வான் என்றும் கேட்கலாம், நியாயமான கேள்விதான். என் வியாபாரிக்கும் அந்த மாதம் என்ன நெருக்கடியோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜப்பான் பக்கம் பன்ரி அசனுமா என்ற பொருளாதார அறிஞர் சப்ளையர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். வாங்குபவர் வரைபடத்தைக் கொடுத்து இதைச் செய்து தா என்றால் ஒரு வகை. எனக்கு இந்த வேலை நடக்க வேண்டும், வரைபடம் நீயே போடு, நான் பார்த்து ஒப்புதல் தருகிறேன் என்றால் இன்னொரு வகை. முதல் வகையில் சப்ளையரின் கை மட்டும் வேலை செய்கிறது. டெல்டாவில் நெல் வாங்குகிற நாங்கள் எல்லாரும் உழவரை முதல் வகையில்கூட வைப்பதில்லை. என்ன ரகம், என்ன ஈரம் என்று கேட்போம், ரெண்டு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்போம், விலையைச் சொல்வோம். வயலில் எந்த மூலை முந்திப் பழுக்கும் என்று கேட்டவன் எங்களில் யாருமில்லை.

டொயோட்டாவுக்கு உதிரிபாகம் செய்கிற ஐசின் கம்பெனியின் தீவிபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1997 பிப்ரவரி 1, விடியற்காலை, ஜப்பானில் காரியா ஊரில் ஐசின் தொழிற்சாலை எரிந்தது. டொயோட்டாவின் பிரேக்குக்கு வேண்டிய சின்ன வால்வு, உள்ளங்கையில் அடங்கும், கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே இடத்தில்தான் தயாரானது. டொயோட்டா கையில் அதிகம் இருப்பு வைத்துக்கொள்ளாத கம்பெனி, அதனால் கார் தயாரிப்பு நின்றே போனது. ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது, 200-க்கு மேற்பட்ட கம்பெனிகள் இறங்கின, தையல் மிஷின் செய்கிற பிரதர் கம்பெனிகூட வால்வு கடைந்து கொடுத்தது. ஒரு வாரம் போல ஆனதும் தொழிற்சாலைகள் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டன. என்ன விலை, யார் தருவது என்பதையெல்லாம் அப்புறம்தான் பேசினார்கள். இதைச் சொல்லும்போது டொயோட்டாவைப் புண்ணியவான் ஆக்கிவிடக் கூடாது. அவர்களும் விலையைப் பிழிகிறவர்கள்தான். ஆனால் அடுத்த மாடலுக்கும் நீதான் என்பது சப்ளையருக்குத் தெரியும். எனக்கு அது தெரியாது. பெரியப்பாவுக்கும் தெரியாது, அடுத்த போகத்துக்கு நான் வாங்குவேனா மாட்டேனா என்று.

ரொம்ப நெருக்கமும் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1999-ல் நிசான் மூழ்குகிற நிலையில் கார்லோஸ் கோன் வந்து, காலங்காலமாகச் சொந்தம் கொண்டாடிய கம்பெனிகளில் வைத்திருந்த பங்குகளை விற்றார், சப்ளையர்களின் எண்ணிக்கையைக் கிட்டத்தட்டப் பாதியாக்க இறங்கினார், கொள்முதல் செலவை 20 சதவீதம் குறைப்பேன் என்றார், குறைத்தும் காட்டினார். பழகிய ஆள் என்பதற்காகவே விலை கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மில்லிலும் அப்படி ஒரு சாக்கு வியாபாரி உண்டு. அப்பாவின் சிநேகிதர். அவர் சாக்கில் பத்துக்கு ஒன்று தையல் விடும், மாற்ற முடியாது, மாற்றினால் அப்பா சாப்பிட மாட்டார். அந்த உறவில் இருபது வருஷமாகப் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை, அவர் வீட்டுக் கல்யாணங்களைத் தவிர.

உழவருக்கு இன்னொரு கதவு உண்டு, அரசு நேரடி கொள்முதல் நிலையம். 17 சதவீத ஈரம், சன்னரகம், பொதுரகம் என்று இரண்டு விலை, 40 கிலோ சிப்பம், பணம் வங்கிக் கணக்கில். மழை பெய்துவிட்டால் ஈர அளவைத் தளர்த்தச் சொல்லி மனு போகும், டெல்லியில் இருந்து குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் போகும். அந்தக் கதவு மட்டும் இல்லாவிட்டால் எங்களைப் போன்ற மில்காரர்கள் வைத்ததுதான் விலை, அதனால் அது இருக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே 13-ல் காய்ந்து கிடக்கிற நெல்லுக்கும் 17-க்கும் ஒரே விலை. காயவைப்பவனுக்கு எடை குறைவதுதான் மிச்சம். அப்புறம் எவன் களத்தில் நின்று கால் தேயக் கிளறுவான்?

பணம் வருகிற நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், இங்கேதான் நானே வெட்கப்பட்ட இடம். சிறுதொழில் சட்டம் 2006-ல் வந்தது, சின்னக் கம்பெனிகளுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்துவிட வேண்டும் என்கிறது. அப்படித் தராவிட்டால் அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது என்ற 43பி(எச்) பிரிவு 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எங்களுக்குக் கொண்டாட்டம். வியாபாரி முதல் மார்ச்சில் கொஞ்சம் முணுமுணுத்தார், உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இல்லாத மில்லில் வாங்கிக்கொள்கிறேன் என்றுகூட ஒரு பேச்சு விட்டுப் பார்த்தார், பிறகு கொடுத்தார். இந்தக் கதையைப் பெருமையாகப் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியம்மா உள்ளேயிருந்து, "நெல் போடுறவங்களுக்கு அந்தச் சட்டம் உண்டாப்பா?" என்றார். இல்லை. பயிர் செய்கிறவர் உத்யமில் பதியவே முடியாது. அன்றைக்கு நான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது 52 நாள் பாக்கி.

அந்த ரயில்வே கேட் பேச்சுக்கு அப்புறம் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்பது பேரைக் கூப்பிட்டு டீ கொடுத்து உட்காரவைத்தேன். மேடு தனி, பள்ளம் தனி என்று அறுத்து வந்தால் இரண்டையும் தனியாக அரைக்கிறேன், நொய் எடையை நீங்களே நின்று பாருங்கள், இப்போது வழக்கமாக விழுகிற நொய்க்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ அதன் பணத்தில் பாதி உங்களுக்கு. பள்ளக்கட்டு நெல்லுக்கு இந்த வருஷம் விலையைக் குறைக்க மாட்டேன். பணம் பத்தாம் நாள். இதை ஒரு அட்டையில் எழுதி எடைமேடை பக்கத்தில் மாட்டினேன். "அட்டை மழையில நனையாம பாத்துக்க" என்றார் ஒருவர், எல்லாரும் சிரித்தார்கள்.

ஒன்பதில் ஆறு பேர் பிரித்து அறுத்தார்கள். மிஷினை இரண்டு தடவை வரவழைக்க வாடகை கூடுதலாகும் என்பதால் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து எல்லா மேட்டையும் ஒரே நாளில், எல்லாப் பள்ளத்தையும் அடுத்த வாரத்தில் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். இது என் மண்டையில் உதித்தது இல்லை. ஒருவர் மூட்டைக்கு 30 ரூபாய் கூடக் கிடைத்ததும் வெளியூர் வியாபாரிக்குக் கொட்டிவிட்டார். கோபம் வந்தது. ஆனால் நானும் அதைத்தானே செய்வேன், பேசாமல் வீட்டுக்குப் போனேன். பாதிப் பங்கு என்று கணக்குப் போட்டு முடித்தபோது எனக்கு நினைத்த லாபம் இல்லை, வட்டிக்கு வாங்கிப் பத்தாம் நாள் பணம் கொடுத்ததில் கொஞ்சம் போய்விட்டது.

இந்த மாதம் பெரியப்பா மறுபடி மில்லுக்கு வந்தார். எடைமேடை மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, அறுப்புக்கு எத்தனை நாள் முன்னால் தண்ணீரை வடிக்கிறோம் என்பதிலும் நொய் இருக்கிறது, ரெண்டு வருஷமா ஒரு கட்டில் மட்டும் பார்த்து வைத்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். டிரையர் அண்ணனும் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டார். நான் நோட்டை எடுக்கப் போனேன். பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நோட்டு இருக்கட்டும். மொதல்ல அந்த அட்டையில இதுக்கு ஒரு வரி எழுது, அப்புறம் சொல்றேன்."